மனசுல எட்டு, கையில மூணு

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, மற்றது 921. குடவோலைத் தேர்தலுக்காகப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட அந்தக் கல்வெட்டில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்து 30 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மிஞ்சிய 6 பேர் ஏரி வாரியம். ஊர்ச் சபையாருக்கு இந்தக் கழித்தலில் தயக்கம் இருந்திருக்காது. அதே வட்டாரத்தில், ஏனாத்தூரிலோ, உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலோ, ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் 12-லிருந்து 6 போனால் எவ்வளவு என்று கேட்டால் என்ன நடக்கும்?

ஒரு பிள்ளை 12 புளியங்கொட்டையை எண்ணி வைக்கும், 6-ஐத் தள்ளும், மிச்சத்தை ஒன்றிலிருந்து எண்ணும். இன்னொன்று சிலேட்டில் 12 கோடு இழுத்து 6-ஐ அடிக்கும். மூன்றாவது விரலை மடக்கிக்கொண்டே 11, 10, 9 என்று இறங்கும். நான்காவது, ஆறும் ஆறும் பன்னிரண்டாயிற்றே என்று சட்டென்று சொல்லிவிடும். நால்வருக்கும் விடை 6. நால்வருக்கும் ஒரே டிக். ஆனால் அடுத்த வருஷம் 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் முதல் பிள்ளை 42 கொட்டை தேடிக்கொண்டிருக்கும்.

முதல் பிள்ளையை நான்காம் பிள்ளையின் இடத்துக்குக் கொண்டுவருவது எது? மனப்பாடமா, தொட்டு எண்ணும் பொருளா, விளையாட்டா, பிள்ளை தானே கண்டுபிடிக்கும் வழியா? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்குப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வகுப்பறைக்குள்ளும் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதுவும் முழுப் பதில் இல்லை.

ஓலையும் வாயும்

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லி ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டார். 1826-இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். காஞ்சிபுரம் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டமும் அந்தக் கணக்கில் உண்டு. ஆய்வாளர் தரம்பால் 1983-இல் இந்த ஆவணங்களை நூலாக வெளியிட்டதிலிருந்து திண்ணைப் பள்ளியைப் புகழ்வோரும் இகழ்வோரும் இதே எண்களைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள்.

அங்கே கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதைச் சுவடிகளிலிருந்து நுணுக்கமாக எழுதியவர் ஆய்வாளர் செந்தில் பாபு. பிள்ளை முதலில் மணலில் விரலால் எண்ணை எழுதும். பிறகு பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. பொன்னிலக்கம் ஒரு கூட்டல் ஏணி. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, இரண்டு காணி அரை மா, இரண்டு அரை மா ஒரு மா. நெல்லிலக்கத்தில் இதே ஏறுவரிசை அளவைகளில் வரும்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

இது வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் வாயால் சொன்ன உழக்கும் நாழியும் பிள்ளையின் வீட்டு அடுப்படியில் இருந்தன, களத்துமேட்டில் இருந்தன. இந்தக் கல்வியில் நினைவாற்றல் என்பது சும்மா சேமித்து வைப்பதற்கல்ல, கணக்கை நடத்துவதற்கான கருவி என்பது செந்தில் பாபு முன்வைக்கும் வாதம். எண்ணை உடைத்துப் பத்தாக்கிச் சேர்க்கும் இன்றைய உத்திக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய ஒன்று, இரட்டித்துச் சேர்க்கும் பழக்கமாக, அதற்குள் இருந்தது. எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் எடுத்துக்கொண்டு 1797-இல் லண்டனில் நூல் வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. அங்கே போனது சட்டாம்பிள்ளைதான்; முந்திரியும் காணியும் போகவில்லை.

திண்ணைப் பள்ளியின் குறை வேறு இடத்தில் இருந்தது. பெண்பிள்ளைகளும் தலித் பிள்ளைகளும் அநேகமாக அதற்கு வெளியே நின்றார்கள். உள்ளே இருந்தவர்களிலும் ஒப்பிக்க முடியாதவன் எங்கே தடுக்கிவிழுந்தான் என்று பார்க்க அந்த முறையில் இடம் குறைவு; பிரம்புக்கு இடம் இருந்தது.

மனப்பாடத்துக்கு நவீன உளவியல் ஆதரவும் கிடைத்தது. 1922-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ன்டைக், கணக்கு என்பது கேள்விக்கும் விடைக்கும் இடையே உறுதிப்படும் பிணைப்பு என்று எழுதினார். திரும்பத் திரும்பச் செய், பிணைப்பு இறுகும். இதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிரவுனல். 1935-இல் அவரும் ஷார்லட் சாசலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டல் பயிற்சியை ஒரு மாதம் கொடுத்துவிட்டு, விடை எப்படி வந்தது என்று பிள்ளைகளையே கேட்டார்கள். விரல் எண்ணியவர்கள் பெரும்பாலும் விரல்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். என்ன, வேகமாக எண்ணினார்கள். பயிற்சி வேகத்தைக் கூட்டியது, வழியை மாற்றவில்லை. தொண்ணூறு வருஷம் பழைய இந்த ஆய்வை, வாய்ப்பாடு ஒப்பித்தால் போதும் என்பவர்கள் இன்னும் தாண்டிப் போகவில்லை.

கையில் கொடுத்த பொருள்

எதிர்த் தரப்பின் மூதாதை சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி. சொல்லுக்கு முன் பொருள், எண்ணுக்கு முன் கூழாங்கல் என்றார். 1837-இல் ஃப்ரோபெல் மரக்கட்டைகளை வரிசைப்படுத்திக் கொடுத்தார். மரியா மாண்டிசோரி பத்து சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை நீளும் சிவப்பு-நீலக் கோல்களையும் தங்க நிற மணிகளையும் செய்தார். அந்த மணிகள் தமிழ்நாட்டுக்கு அஞ்சலில் வரவில்லை, அம்மையாரே வந்தார். 1939 நவம்பரில் சென்னை வந்து அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். உலகப்போரில் இத்தாலி இறங்கியதால் இத்தாலியரான அவரால் ஊர் திரும்ப முடியாமல் போயிற்று. போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். ஆனால் மாண்டிசோரிக் கருவிகள் இங்கே நீண்ட காலம் கட்டணப் பள்ளிகளின் அடையாளமாகவே இருந்தன. பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கு அவை வர அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

கோட்பாட்டை உறுதிப்படுத்தியவர்கள் பின்னால் வந்தார்கள். வரிசையாக வைத்த வில்லைகளைச் சற்றே பரப்பி வைத்தால் எண்ணிக்கை கூடிவிட்டதாகச் சிறு பிள்ளை நினைப்பதை 1941-இல் ஜான் பியாஜே காட்டினார். 1960-களில் ஜெரோம் புரூனர், செய்து பார்ப்பது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது என்று மூன்று படிகள் வகுத்தார். 1980-களில் சிங்கப்பூர் இதைப் பாடத்திட்டமாகவே ஆக்கிக்கொண்டது. இன்று தமிழ்நாட்டு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் முதலில் பொருள், பிறகு படம், பிறகு எண் என்று வரும் வரிசையிலும் புரூனரின் சாயல் தெரிகிறது.

பிள்ளை தானாகப் பிடிக்கும் வழி

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் காலங்காலமாகக் கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. 8-உம் 3-உம் கூட்ட வேண்டும். டீச்சர் சொல்வார்: “பெரிய நம்பரை மனசுல வச்சுக்கோ, சின்ன நம்பரைக் கையில வச்சுக்கோ. மனசுல எட்டு, கையில மூணு. எட்டுக்கு அப்புறம்?” பிள்ளை மூன்று விரலை நீட்டி, ஒவ்வொன்றாக மடக்கி, ஒன்பது, பத்து, பதினொண்ணு என்று முடிக்கும்.

இந்த வாசகத்தை வகுப்பறையில் கேட்டால் கணிதக் கல்வி ஆய்வாளர் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். கூட்டலில் பிள்ளைகள் மூன்று படி ஏறுகிறார்கள் என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் தாமஸ் கார்ப்பென்டரும் ஜேம்ஸ் மோசரும் 1984-இல் விரிவாகப் பதிவு செய்தார்கள். முதலில் இரண்டு குவியலையும் சேர்த்து ஒன்றிலிருந்து எண்ணுவது. பிறகு முதல் எண்ணிலிருந்து தொடர்வது. பிறகு, எது முதலில் வந்தாலும் பெரிய எண்ணிலிருந்து தொடர்வது. கடைசிப் படிதான் டீச்சரின் ‘மனசுல எட்டு’. அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் பிடித்துவிடுகிறார்கள் என்பது 1977-இல் கை க்ரோனும் லாரன் ரெஸ்னிக்கும் கண்டது. நாலரை வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டைகளை வைத்து எல்லாவற்றையும் எண்ணும் முறையை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். சில வாரப் பழக்கத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் தாமாகவே பெரிய எண்ணிலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

அப்படியானால் டீச்சர் சொல்லித்தர வேண்டியதில்லையா? இங்கேதான் இரண்டு முகாம்கள் பிரிகின்றன. கான்ஸ்டன்ஸ் காமி போன்றோர், சொல்லிக்கொடுத்தால் பிள்ளையின் சொந்த யோசனை நசுங்கும் என்கிறார்கள். கார்ப்பென்டரும் எலிசபெத் ஃபென்னமாவும் நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள். 1989-இல் 40 ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு, பிள்ளைகள் எந்தெந்த வழியில் யோசிக்கிறார்கள் என்பதை மட்டும் பயிற்றுவித்தார்கள். எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லவில்லை. அந்த ஆசிரியர்கள் வாய்ப்பாட்டுப் பயிற்சியைக் குறைத்தார்கள், கதைக் கணக்கைக் கூட்டினார்கள், விடை வந்த விதத்தைக் கேட்டார்கள். ஆண்டிறுதியில் அவர்களுடைய மாணவர்களே கூட்டல் கழித்தல் விடைகளை நினைவிலிருந்து சொல்வதிலும் முந்தினார்கள். ஆனால் அது பயிற்சிக்குத் தாமாக முன்வந்த ஆசிரியர்களிடம், வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்ற வசதியில் நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் இருக்கும் பள்ளிக்கு அதை அப்படியே பெயர்த்துவிட முடியாது.

‘மனசுல எட்டு’ என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை மந்திரமாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை, எட்டு ஏன் மனசுக்குப் போனது என்று அறியாமலே விடை எழுதும். கழித்தலுக்கும் அதே மந்திரத்தைச் சொல்லும்போது குழம்பும். 8-உம் 5-உம் கூட்டும்போது 5-ஐ 2, 3 என்று உடைத்து 10 ஆக்கி 13-க்குப் போகும் அடுத்த படிக்கு அது தானாக இட்டுச்செல்வதும் இல்லை. பத்தாக்கும் இந்த உத்தியைச் சீனாவிலும் ஜப்பானிலும் முதல் வகுப்பிலேயே வெளிப்படையாகக் கற்பிக்கிறார்கள். நெதர்லாந்தில் ட்ரெஃபெர்ஸும் அவர் குழுவினரும் பத்துப் பத்தாக நிறம் மாறும் மணிச்சரத்தை இதற்காகவே புகுத்தினார்கள். தில்லியின் ஜோடோ கியான் அமைப்பு அதை இந்தியப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. மணிச்சரத்தில் 8-க்கு அப்புறம் 2 மணிதான் அதே நிறத்தில் மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியும். குவித்து வைத்த புளியங்கொட்டையில் அது தெரியாது.

விரல் விஷயத்தில் ஒரு காலத்து ஆசிரியர்கள் கையைத் தட்டிவிட்டார்கள். அண்மை ஆய்வுகள் விரலின் பக்கம் சாய்கின்றன. கேத்தரின் தெவனோ குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், விரலைப் பயன்படுத்தாமல் இருந்த ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் சரியான விடை 37 சதவீதத்திலிருந்து 77 சதவீதத்துக்கு ஏறியது. நம் ஊரில் விரலை நீட்டாமல் கட்டைவிரலால் கணுவைத் தொட்டு எண்ணும் பழக்கமும் இருக்கிறது. அதில் ஒரு கையிலேயே பத்துக்கு மேல் எண்ணலாம். ஆனால் ஐந்து, பத்து என்ற கட்டு அதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இரண்டில் எது பத்தாக்கும் உத்திக்கு நல்ல அடித்தளம் என்பது யாராவது முறையாகப் பார்க்க வேண்டிய கேள்வி.

புளியங்கொட்டையின் எல்லை

பொருளைக் கையில் கொடுத்தால் கணக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையை டெபோரா பால் 1992-இல் ‘மாயாஜால நம்பிக்கை’ என்ற பொருள்பட விமரிசித்தார். கட்டைக்குள் எண் இல்லை. ஏற்கெனவே எண் தெரிந்த பெரியவருக்குத்தான் அது கட்டையில் தெரிகிறது. டேவிட் உட்டலும் ஜூடி டிலோச்சும் 1997-இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். ஒரே பொருளை விளையாட்டுச் சாமானாகவும் எண்ணின் அடையாளமாகவும் இரண்டாகப் பார்ப்பது சிறு பிள்ளைக்குக் கடினம். சாமான் எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு அடையாளம் மங்கும். கடையில் விற்கும் பளபளப்பான பழ பொம்மைகளைவிட, யாரும் திரும்பிப் பார்க்காத புளியங்கொட்டையும் ஈர்க்குச்சியும் மேல் என்று இதிலிருந்து ஊகிக்க இடமிருக்கிறது. பள்ளி நிதிக்கும் நல்ல செய்தி.

கார்போனோவும் சகாக்களும் 2013-இல் 55 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொருள்வழிக் கற்பித்தல் வெறும் குறியீட்டுவழிக் கற்பித்தலைவிடப் பலன் தருகிறது. ஆனால் பலனின் அளவு சிறிதிலிருந்து நடுத்தரம்வரைதான். ஆசிரியரின் வழிகாட்டல் மிகுந்த இடத்தில் பலனும் மிகுந்தது. கவனிக்க வேண்டியது வயது: ஏழு முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்குக் கிடைத்த பலனைவிட ஆறு வயதுவரை உள்ளவர்களுக்குக் குறைவு. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தாலே ஒன்றாம் வகுப்பு; நம் பிள்ளைகள் இந்த இரண்டாம் கூட்டத்தில் வருகிறார்கள். சின்னப் பிள்ளைக்குத்தான் பொருள் அதிகம் உதவும் என்ற பொதுப்புத்திக்கு ஆய்வின் முடிவு முரண். இந்த ஒரு முடிவை வைத்துப் பொருள்களை மூட்டை கட்டிவிட முடியாது. பொருளைக் கொட்டிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடலாம் என்பதையும் இது ஆதரிக்கவில்லை.

விளையாட்டின் கதையும் இப்படித்தான். 2017-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த தில்லி ஆய்வில், பிரதம் தொண்டு நிறுவனம் நடத்திய 214 முன்பருவப் பள்ளிகளில் 1,540 பிள்ளைகள் நான்கு மாதம் எண்ணிக்கை, வடிவ விளையாட்டுகள் ஆடினார்கள். எது அதிகம், எது குறைவு என்று பார்த்ததும் சொல்லும் திறன் ஒரு வருஷத்துக்குப் பிறகும் நிலைத்தது. பள்ளிக் கணக்கில் மட்டும் நீடித்த முன்னேற்றம் இல்லை. விளையாட்டுக்கும் எழுத்துக் குறிக்கும் நடுவே யாரும் பாலம் போடவில்லை என்பது ஒரு விளக்கம்.

பாலம் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்பதற்கு இன்னொரு ஆய்வு. எலிடா லாஸ்கியும் ராபர்ட் சீக்லரும் 2014-இல் ஒன்று முதல் நூறு வரை கட்டம் போட்ட பலகையில் பிள்ளைகளை ஆட விட்டார்கள். நம்மூர்ப் பரமபதத்தை வைத்து அதைச் சொல்லலாம். காய் 27-இல் நிற்கிறது, நாலு விழுகிறது. ஒரு பிள்ளை “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று தட்டிக்கொண்டே நகர்த்துகிறது. இன்னொரு பிள்ளை “இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொண்ணு” என்று நகர்த்துகிறது. ஆட்டம் ஒன்றே, காய் நிற்கும் இடமும் ஒன்றே. இரண்டாவது விதமாகச் சொல்லி ஆடியவர்களுக்குத்தான் எண்ணறிவு ஏறியது. பல்லாங்குழியும் தாயமும் கணக்கறிவு தரும் என்று பெருமையாகச் சொல்கிறோம். தரலாம். காய் போடும்போது வாய் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது.

ஏணியும் அட்டையும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பொருள்வழிக் கணக்கு பெரிய அளவில் வந்தது செயல்வழிக் கற்றலோடு. வேலூர் ஆட்சியராக இருந்த காலத்தில் மகிழ்ச்சியான கற்றல் முயற்சிகளில் ஈடுபட்ட எம்.பி. விஜயகுமார், 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக 13 பள்ளிகளில் இதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மாநகராட்சியின் 264 பள்ளிகள். 2007-இல் மாநிலம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள். ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் உருவாக்கிய ஏணி-அட்டை முறையே இதற்கு முன்மாதிரி. மாண்டிசோரிக் கருவிகளும் சேர்ந்துகொண்டன.

பெஞ்சு போயிற்று, பாய் வந்தது. பிள்ளை எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஏணியில் தன் படியைப் பார்த்து, அட்டையை எடுத்து, மணியையோ குச்சியையோ வைத்து, குழுவில் உட்கார்ந்து செய்யும். வராத நாளின் பாடம் தவறாது, விட்ட படியிலிருந்து தொடரலாம். அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வராமல் போகும் கிராமத்துக்கு இது சின்ன விஷயமில்லை. எஸ். ஆனந்தலட்சுமி 2007-இல் எழுதிய அறிக்கை, வகுப்பறையில் பயம் குறைந்திருப்பதை வரவேற்றது. விமரிசனமும் வந்தது. பாடப்புத்தகத்தைத் துண்டு துண்டாக வெட்டி அட்டையாக்கியது போலத்தான் இது, அட்டைக்கு அட்டை தாவுவதே கற்றலாகிவிட்டது, ஆசிரியர் அட்டை எடுத்துத் தருபவராகிவிட்டார் என்றார்கள். டெபோரா பாலின் கவலைதான், சொன்னவர்கள் வேறு. ஒரு பிள்ளை கூட்டல் அட்டையை முடித்தது என்றால், எல்லாவற்றையும் எண்ணி முடித்ததா, தொடர்ந்து எண்ணி முடித்ததா என்று ஏணி சொல்லாது.

கொரோனாவுக்குப் பிறகு நிலைமை வேறாயிற்று. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கில் ஏற்பட்டிருந்த இழப்பு மொழியில் ஏற்பட்டதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம், தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்குப் பின் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் என்று மதிப்பிட்டார்கள். கிராமப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் 2022 ஆய்வு, மூன்றாம் வகுப்பில் கழித்தல் செய்யத் தெரிந்த தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் 2018-இன் 25.9 சதவீதத்திலிருந்து 11.2 சதவீதத்துக்கு இறங்கியதாகச் சொன்னது. 2024 சுற்றில் நிலைமை தேறியது.

இந்தப் பள்ளத்தை நிரப்ப வந்ததுதான் எண்ணும் எழுத்தும் திட்டம். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எண்ணும் எழுத்தும் வர வேண்டும், அதுவும் 2025-க்குள் என்பது இலக்காக இருந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்பட்டார்கள். கதை, பாடல், பொம்மலாட்டம், செயல்பாட்டு மூலை என்று வகுப்பறை கலகலப்பானது. செயல்வழிக் கற்றலில் பின்னுக்குப் போன ஆசிரியர் இதில் மறுபடி நடுவே வந்தார். இது நல்ல திருப்பம் என்றே தோன்றுகிறது. கூடவே பதிவேற்ற வேண்டிய மதிப்பீடுகளும் வந்தன, அவை பாட நேரத்தைத் தின்கின்றன என்ற முறையீடும் ஆசிரியர் சங்கங்களிடமிருந்து வந்தது.

கழித்தல் முரண்டு பிடிப்பது ஏன்

கூட்டலுக்கு ஒரு கதை போதும்: சேர்த்தால் எவ்வளவு. கழித்தலுக்கு மூன்று. எடுத்தபின் மிச்சம் எவ்வளவு, இன்னும் எவ்வளவு வேண்டும், இதைவிட அது எவ்வளவு அதிகம். மூன்றுக்கும் நாம் ஒரே குறியைப் போடுகிறோம். வகுப்பறையில் முதல் கதையே ஓங்கி நிற்கிறது. கொட்டையைத் தள்ளிக் காட்ட அதுதான் வசதி.

டாம் ஹட்சன் 1983-இல் ஒரு படத்தைக் காட்டினார்: சில பறவைகள், அவற்றைவிடக் குறைவான புழுக்கள். “புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?” என்று கேட்டபோது ஒன்றாம் வகுப்பில் 64 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். “ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவுக்குப் பறந்தால், எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?” என்று மாற்றிக் கேட்டதும் 100 சதவீதம். ஒன்றுக்கு ஒன்று பொருத்தத் தெரிந்த பிள்ளைக்கு ‘எத்தனை அதிகம்’ என்ற கேள்விதான் முட்டுக்கட்டை. கொட்டைகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே அடுக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவும். அதை ஒன்றாம் வகுப்பிலேயே செய்துவிட்டால் பின்னால் ‘வித்தியாசம் காண்’ என்று வரும்போது பிள்ளை மிரளாது.

‘இன்னும் எவ்வளவு’ என்ற கதை பள்ளிக்கு வெளியே கொடிகட்டிப் பறக்கிறது. 13 ரூபாய்ச் சாமானுக்கு 20 ரூபாய் கொடுத்தால் கடைக்காரர் கழிப்பதில்லை. 13-க்கு மேல் 2 வைத்துப் பதினைந்து, 5 வைத்து இருபது என்று ஏறுகிறார். 13-லிருந்து 9-ஐக் கழிக்கும் பிள்ளைக்கும் இதுவே குறுக்குவழி: பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு, பதிமூணு, நாலு விரல். பின்னோக்கி ஒன்பது எண் இறங்குவதைவிட நாலு ஏறுவது சுலபம். ஆனாலும் பள்ளி இந்த வழியை எப்போதாவதுதான் அங்கீகரிக்கிறது.

அங்கீகரிக்காததன் விலையை 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளையும் பள்ளியில் படிக்கும் 471 பிள்ளைகளையும் சோதித்தார்கள். சந்தைப் பிள்ளைகள் சிக்கலான பேரங்களை மனக்கணக்காகப் போட்டார்கள். தாளில் எழுதிய எளிய கழித்தலில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் தாளில் தேறினார்கள். சந்தைக் கணக்கில் திணறினார்கள். பலர் காகிதத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டு ஆய்வு அல்ல என்றாலும், மூன்றாம் வகுப்புச் சிலேட்டில் இன்னும் கோடு இழுக்கும் பிள்ளையைப் பார்த்திருக்கும் ஆசிரியருக்கு இது அந்நியமாக இராது. சென்னைக் கணித அறிவியல் கழகத்தின் ரா. ராமானுஜம் தலைமையில் 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக எழுதப்பட்ட கணித ஆவணமும், பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே குறிக்கோள் என்று சொல்லி இந்தப் பிளவைத்தான் குறிவைத்தது.

தீராத பகுதி

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. வெறும் ஒப்பித்தல் விடையை வேகப்படுத்தும், வழியை மாற்றாது. வெறும் பொருள் வழியைத் திறக்கலாம், கடக்க வைக்காது. பிள்ளை என்ன செய்தது என்று ஆசிரியர் கேட்கும் வகுப்பில் இரண்டும் பயன்படுகின்றன. பத்துக் குச்சிக் கட்டும் மணிச்சரமும் போல, பத்தைக் கண்ணுக்குக் காட்டும் பொருள், சிதறிக் கிடக்கும் பொருளைவிட அடுத்த படிக்கு அருகில் நிற்கிறது.

உறுதியில்லாதவை இதைவிட அதிகம். புளியங்கொட்டையை எப்போது திரும்ப டப்பாவில் போடுவது? சீக்கிரம் எடுத்தால் பிள்ளை கோட்டுக்குப் போகும், தாமதித்தால் கொட்டையிலேயே தங்கும். இதற்கு ஆய்வுகள் ஒருமித்த நாள் எதையும் குறிக்கவில்லை. ‘மனசுல எட்டு’ என்று சொல்லிக்கொடுத்த பிள்ளையும் தானாக அதைப் பிடித்த பிள்ளையும் இரண்டு வருஷம் கழித்து ஒரே இடத்தில் நிற்பார்களா என்பதற்குக் க்ரோன்-ரெஸ்னிக் ஆய்வு பதில் தரவில்லை. அது சில வாரங்களில் முடிந்த ஆய்வு. அரும்பு, மொட்டு, மலர் என்ற பகுப்பு பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று காட்டுகிறது; 12-லிருந்து 6-ஐ எந்த வழியில் கழித்தது என்பதைக் காட்ட வேறொரு பதிவு வேண்டும். அது ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக இரண்டு நிமிஷம் உட்கார்ந்து கேட்கும் வேலை. முப்பது பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம். ஈராசிரியர் பள்ளியில், மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சத்துணவு மணி அடிப்பதற்குள் அந்த ஒரு மணி நேரத்தை எந்தப் பாடவேளையிலிருந்து எடுப்பது என்பது பாடத்திட்டம் எழுதுபவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக நிற்கிறது.